சாய்ந்த லேபிளில் கை வைக்காதே

எங்கள் வீட்டு ஜன்னலோரத்தில் மணி பிளான்ட் வளர்கிற பாட்டிலுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். வளைகுடாவில் வேலை பார்த்த மாமா ஒருவர் விடுமுறையில் வந்தபோது கொண்டுவந்தது. உள்ளே இருந்தது ஒரே வாரத்தில் தீர்ந்துவிட்டது, பாட்டில் தங்கிவிட்டது. லேபிள் தண்ணீர் பட்டு ஊறி எப்போதோ உரிந்து போனது. மூடியும் இல்லை. அடியில் பாசி படிந்த சதுரக் கண்ணாடி, அவ்வளவுதான். ஆனாலும் வீட்டுக்கு வருகிற பெரியவர்களில் பாதிப் பேர் அதைப் பார்த்ததும் லேசாகச் சிரிப்பார்கள். "ஜானி வாக்கர்தானே?" என்று மெல்லக் கேட்டுவிட்டு, அம்மா காதில் விழுந்ததா என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

உயர்விலை மது ஒன்றின் பாட்டிலையும் லேபிளையும் பெட்டியையும் புதிதாக வடிவமைக்க இறங்குகிறவர்கள் மல்லுக்கட்ட வேண்டியது இந்தச் சிரிப்போடுதான். பெயர் போன பிறகும் அடையாளம் நிற்கிறது என்றால், அது நிறுவனத்தின் கையை விட்டுக் குடிக்கிறவர்களின் கண்ணுக்குப் போய்விட்டது என்று பொருள். சட்டப்படி முத்திரை நிறுவனத்துக்குச் சொந்தம். அதில் எதை மாற்றலாம் என்று தீர்மானிக்கிறவர்கள் வேறு ஆட்கள். ஆகவே இந்தத் தொழிலில் எதை வரைவது என்ற கேள்வி இரண்டாவதாகத்தான் வரும். எதில் கை வைக்கக் கூடாது என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு விடை சொல்ல, ஒவ்வோர் அடையாளமும் எங்கே, ஏன் பிறந்தது என்று தோண்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. தோண்டினால் அழகுணர்ச்சி அதிகம் தட்டுப்படுவதில்லை. மளிகைக்கடைக் கணக்குதான் கிடைக்கிறது.

ஜான் வாக்கர் ஸ்காட்லாந்தின் கில்மார்னக் ஊரில் 1820ல் திறந்தது மளிகைக்கடைதான். அவர் 1857ல் இறந்த பிறகு மகன் அலெக்சாண்டர் பொறுப்பேற்றார். பல வடிசாலைகளின் சரக்கைக் கலந்து ஒரே சுவையில் தொடர்ந்து விற்பதற்கு 1860ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் மதுவரிச் சட்டம் வழிவிட்டது. ஊருக்கு ரயில் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. அலெக்சாண்டர் கப்பல் கேப்டன்களையே முகவர்களாக்கி, அவர்கள் போகிற துறைமுகங்களுக்கெல்லாம் விஸ்கியை அனுப்பினார். அனுப்பியதில் ஒரு பகுதி வழியிலேயே உடைந்து ஒழுகியது. உருண்டை பாட்டில்களை மரப்பெட்டியில் அடுக்கினால் நடுவில் சந்து விழும், அலை அடிக்க அடிக்க ஒன்றோடொன்று மோதும். சதுரத்துக்குள் அடங்குகிற வட்டத்தை வரைந்து பாருங்கள்: இடத்தில் 21 சதவீதத்துக்கு மேல் வீணாகும். பாட்டிலையே சதுரமாக்கினால் சந்தும் இல்லை, மோதலும் குறைவு, ஒரு பெட்டியில் கூடுதல் பாட்டிலும் போகும். சதுர பாட்டில் வந்த கதை இவ்வளவுதான்.

லேபிள் சாய்ந்து ஒட்டப்பட்டதற்கும் இதே மாதிரி ஒரு காரணம் சொல்லப்படுகிறது. இடமிருந்து வலமாக 24 டிகிரி மேல்நோக்கி ஏறும் அந்தச் சாய்வு, எழுத்தைப் பெரிதாகப் போட இடம் தந்ததாம். எனக்கு இந்த இடத்தில் ஒரு சின்ன சந்தேகம் உண்டு. ஒரே அகலமுள்ள பரப்பில் 24 டிகிரி சாய்த்து எழுதினால் வரியின் நீளம் ஒன்பதரை சதவீதம்தான் கூடுகிறது. அந்த ஒன்பதரை சதவீதத்துக்காகவா ஒருவர் லேபிளைக் கோணலாக ஒட்டியிருப்பார்? உண்மையான லாபம் வேறு இடத்தில் கிடைத்திருக்கிறது. மதுக்கடை அலமாரியில் மற்ற எல்லா லேபிளும் தரைக்கு இணையாகப் படுத்திருக்க, இது மட்டும் ஏறிக்கொண்டு நிற்கும். பத்து பாட்டிலை வரிசையாக வைத்தால் பத்து சாய்கோடுகள். படிக்கத் தெரியாதவருக்கும், படிக்க முடியாத அளவுக்குக் குடித்துவிட்டவருக்கும் அது போதும்.

நிறங்களின் கதை இன்னும் சுவையானது. இன்றைக்கு நாம் 'ரெட் லேபிள்', 'பிளாக் லேபிள்' என்று சொல்வதெல்லாம் தொடக்கத்தில் பெயர்களே அல்ல. அவற்றின் அதிகாரபூர்வப் பெயர்கள் 'ஸ்பெஷல் ஓல்ட் ஹைலேண்ட்', 'எக்ஸ்ட்ரா ஸ்பெஷல் ஓல்ட் ஹைலேண்ட்' என்று நீண்டு கிடந்தன. வயதைப் பிரித்துக் காட்ட வெள்ளை, சிவப்பு, கறுப்பு என்று மூன்று நிறத்தில் லேபிள் ஒட்டினார்கள். கடைக்கு வந்தவர் யாரும் அந்த நீண்ட பெயரைச் சொல்லி நிற்கவில்லை, நிறத்தைச் சொல்லித்தான் கேட்டார். 1909ல் நிறுவனம் அந்த நிறங்களையே பெயராக்கிவிட்டது. வெள்ளை மட்டும் சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. வாடிக்கையாளர் வாயில் ஏற்கெனவே இருக்கிற சொல்லை எடுத்து லேபிளில் போடுவதைவிடப் பத்திரமான மறுவடிவமைப்பு வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதற்காக எந்த ஆலோசகரும் பெரிய தொகைக்குப் பில் போட முடியாது.

உயரத் தொப்பியும் சிவப்புக் கோட்டும் கைத்தடியுமாக நடந்து போகிற அந்த ஆள் வந்தது 1908ல். டாம் பிரவுன் என்ற கேலிச்சித்திரக்காரர் மதிய உணவு மேசையில் மெனு அட்டையின் பின்புறம் கிறுக்கியது என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் கதை. அந்த நடக்கிற ஆள் எத்தனையோ முறை திருத்தி வரையப்பட்டுவிட்டார். நுணுக்கக் கோடுகள் கழன்றன, வண்ணம் போய்த் தங்கநிற நிழலுருவாகவும் நின்றார். அவற்றில் மிகத் துணிச்சலான மாற்றம் 1990களின் கடைசியில், 'நடந்துகொண்டே இரு' என்ற பொருள்படும் விளம்பரத் தொடர் கிளம்பிய சமயத்தில் நடந்தது. அதுவரை இடப்பக்கம் பார்த்து நடந்தவரை வலப்பக்கம் திருப்பிவிட்டார்கள். இடமிருந்து வலமாக வாசிக்கிறவர்களின் கண்ணுக்கு வலப்பக்கம் போவதுதான் முன்னேறுவது, இடப்பக்கம் போவது திரும்பி வருவது. இத்தனை நாளாக அவர் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார் போலும். எங்கள் மாமா வேலை பார்த்த அரபு நாட்டில், வலமிருந்து இடமாக வாசிக்கிறவர்களுக்கு, இப்போதுதான் அவர் திரும்பி வருகிறார். அந்த ஊர்க் கணக்கை யாரும் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

இந்த மாற்றத்தைப் பெரும்பாலானவர்கள் கவனிக்கவே இல்லை. அதுதான் வெற்றி. தொப்பி, தடி, எட்டு வைத்த கால் மூன்றும் இருந்த இடத்தில் இருந்தால் ஆள் அதே ஆள்தான் என்று கண் ஒப்புக்கொள்கிறது. பழகிய ஒரு பாட்டிலை மாற்றப் போகிறவர்கள் முதலில் செய்வதும் இந்தக் கண்ணின் கணக்கைப் பார்ப்பதுதான். படத்தை மங்கலாக்கிப் பார்க்கிறார்கள். எழுத்துகளை மறைத்துவிட்டுப் பார்க்கிறார்கள். மதுக்கூடத்தின் அரையிருட்டில், பரிமாறுபவரின் முதுகுக்குப் பின்னால் வைத்துப் பார்க்கிறார்கள். எது போனால் அடையாளம் போகிறதோ அது தொடக்கூடாதவற்றின் பட்டியலில் சேரும். மிச்சம் இருப்பதில்தான் விளையாட்டு: தங்கத் தாளின் பளபளப்பு, எழுத்தின் தடிமன், தொட்டால் விரலில் தட்டுப்படும் புடைப்பு, லேபிளின் ஓரத்து வெட்டு.

புதிய சட்டைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. குடிக்கிறவர் இயல்பாகவே சந்தேகப் பிராணி. லேபிள் மாறினால், உள்ளே இருப்பதையும் மாற்றிவிட்டார்கள் என்று முதல் மடக்கிலேயே தீர்ப்பு வந்துவிடும். அமெரிக்காவின் ஜாக் டேனியல்ஸ் விஸ்கி லேபிளில், அது காய்ச்சப்படும் லிஞ்ச்பர்க் ஊரின் மக்கள்தொகை 361 என்றே நெடுங்காலம் அச்சாகி வந்தது. அந்த ஊர் நிர்வாகப் பகுதியில் ஆறாயிரம் பேருக்கு மேல் வசிக்கத் தொடங்கிய பிறகும் எண்ணைத் திருத்தவில்லை. தவறான புள்ளிவிவரம்தான், ஆனால் மாறாத புள்ளிவிவரம்.

இனி தொழிற்சாலைப் பக்கம். வடிவமைப்பாளர் கணினியில் தோள்பட்டையை இரண்டு மில்லிமீட்டர் உயர்த்துவது ஒரு நொடி வேலை. கண்ணாடி ஆலையில் அதற்கு விலை உண்டு. உருகிய கண்ணாடியை உருண்டை உருண்டையாக வெட்டி, முதலில் ஒரு அச்சில் முன்வடிவம் கொடுத்து, பிறகு இன்னொரு அச்சில் காற்றூதி முழு உருவம் கொடுக்கிறார்கள். ஒரு எந்திரத்தில் இப்படிப் பல பிரிவுகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். ஆகவே ஒரு வடிவத்தை மாற்றுவது என்றால் அச்சுகளைத் தொகுதி தொகுதியாக மாற்றுவது. ஐரோப்பாவில் 700 மில்லிலிட்டர், இந்தியாவில் 750. அமெரிக்காவும் 2020 இறுதி வரை 700ஐ உள்ளே விடாமல் 750ல் நின்றது. எனவே ஒரே முகத்துக்கு இரண்டு உடம்பு வேண்டும். அரை பாட்டிலும் கால் பாட்டிலும், விமானத்தில் கொடுக்கும் 50 மில்லிலிட்டர் குட்டியும் தனி. எல்லாவற்றிலும் அந்தச் சாய்வு அதே சாய்வாகத் தெரிய வேண்டும். சதுர பாட்டில் நிரப்பும் வரிசையிலும் முரண்டு பிடிக்கும். உருண்டையை எந்தப் பக்கம் திருப்பியும் லேபிள் ஒட்டலாம், சதுரத்தை முகம் பார்த்து நிறுத்திய பிறகுதான் ஒட்ட முடியும்.

மூடிக்குள் ஒளிந்திருக்கும் சமாசாரம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேறு ஒரு உயர்விலை பாட்டிலை, அழகாக இருக்கிறதே என்று, நல்லெண்ணெய் ஊற்றி வைக்கலாம் என எடுத்துக் கழுவினேன். புனலை வைத்து எண்ணெயை விட்டால் கழுத்திலேயே நின்றுகொண்டு உள்ளே இறங்க மறுத்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: கழுத்துக்குள் பிளாஸ்டிக் கூண்டு, அதற்குள் ஒரு கோலி. பாட்டிலைச் சாய்த்தால் கோலி விலகி வழிவிடும், நிமிர்த்தினால் உட்கார்ந்து வாயை அடைத்துக்கொள்ளும். வெளியே வரலாம், உள்ளே போக முடியாது. காலி பாட்டிலில் மட்டமான சரக்கை ஊற்றி மறுபடி விற்பவர்களுக்காகப் போட்ட பூட்டு அது. ஊற்றும்போது 'களக் களக்' என்று விட்டுவிட்டு விழும் சத்தமும் அதனால்தான். சில நாடுகளுக்குப் போகிற பாட்டிலில் இது இருக்கும், சிலவற்றில் இருக்காது. கார்க் இழுக்கும்போது வரும் அந்த 'பொக்' ஒலிக்காக வடிவமைப்பாளர்கள் உயிரை விடுகிறார்கள். அடுத்த நொடியில் இந்தக் கோலி வந்து விக்கல் எடுக்கிறது. எண்ணெயைத் துடைக்க அரைமணி நேரம் ஆனது.

தமிழ்நாட்டுக்கு வந்து சேரும்போது பாட்டிலுக்கு இன்னும் சில ஒட்டுகள் சேர்கின்றன. மூடியின் மேல் ஆயத்தீர்வை ஹாலோகிராம். மது வீட்டுக்கும் நாட்டுக்கும் உயிருக்கும் கேடு என்ற எச்சரிக்கை. காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் தரும் திட்டம் 2022ல் நீலகிரியில் தொடங்கியது. அது வந்த இடங்களில் அதற்கான அடையாளமும் சேர்ந்துகொள்கிறது. லண்டனில் மாதக்கணக்கில் உட்கார்ந்து வெற்றிடம் விட்டு வரைந்த லேபிளின் மேல் இத்தனையும் வந்து உட்காரும். அந்த வடிவமைப்பாளர் ஒருமுறையாவது இங்கே வந்து தன் படைப்பைப் பார்க்க வேண்டும்.

இதுவரை சொன்னது மாற்றாமல் மாற்றும் கலை. மாற்ற வேண்டிய இடத்தில் மாற்றாமல் விட்டு மாட்டிக்கொண்ட கதையும் இதே குடும்பத்தில் இருக்கிறது. கார்டூ என்ற வடிசாலையை ஜான் வாக்கர் நிறுவனம் 1893ல் வாங்கியது. அதன் சிங்கிள் மால்ட், அதாவது ஒரே வடிசாலையில் முளைகட்டிய பார்லியிலிருந்து காய்ச்சிய விஸ்கி, ஸ்பெயினில் சக்கைப்போடு போட்டது. ஒரு வடிசாலை எவ்வளவுதான் காய்ச்ச முடியும்? 2003ல் உரிமையாளரான டியாஜியோ ஒரு வழி கண்டுபிடித்தது. வேறு வடிசாலைகளின் மால்ட்டையும் சேர்த்துக் கலந்து, 'சிங்கிள் மால்ட்' என்ற இடத்தில் 'ப்யூர் மால்ட்' என்று போட்டது. பாட்டில் கிட்டத்தட்ட அதே பாட்டில், லேபிள் கிட்டத்தட்ட அதே லேபிள், பெயரும் கார்டூதான். ஒரு சொல் மட்டும் மாறியிருந்தது.

ஸ்காட்லாந்து விஸ்கி உலகம் கொதித்தது. போட்டி நிறுவனமான வில்லியம் கிரான்ட் முன்னணியில் நின்று எதிர்த்தது. முதலில் லேபிளின் நிறத்தைப் பச்சைக்கு மாற்றிச் சமாளிக்கப் பார்த்தார்கள். அதுவும் போதவில்லை, 2004ல் சரக்கையே திரும்பப் பெற்றார்கள். அந்தச் சொல்லுக்கும் பிறகு இடமில்லாமல் போயிற்று: 2009ஆம் ஆண்டின் ஸ்காட்ச் விஸ்கி விதிமுறைகள் 'ப்யூர் மால்ட்' என்று லேபிளில் போடுவதையே தடை செய்தன. இப்போது பல வடிசாலை மால்ட் என்றால் 'பிளெண்டட் மால்ட்' என்றுதான் போட வேண்டும். வயது போட்டால் கலவையில் இருப்பதில் மிக இளையதன் வயதைத்தான் போட வேண்டும். வடிவமைப்பாளர்கள் தம் கலையின் சுதந்திரத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்குக் கார்டூ ஞாபகம் வரும். பழகிய முகத்தைக் கண்டு வாங்குகிறவருக்கு அந்த முகம் ஒரு வாக்குறுதி. வாக்குறுதியை மாற்றிவிட்டு முகத்தை வைத்துக்கொண்டால் அதற்கு வேறு பெயர் உண்டு.

அடையாளம் நீதிமன்றம் ஏறிய கதை அமெரிக்காவில் நடந்தது. கென்டக்கியின் லொரெட்டோவில் 1950களில் சாமுவேல்ஸ் தம்பதி மேக்கர்ஸ் மார்க் என்ற போர்பன் விஸ்கியை, அதாவது பெரும்பாலும் மக்காச்சோளத்திலிருந்து காய்ச்சும் அமெரிக்க விஸ்கியை, தொடங்கினார்கள். காய்ச்சியது கணவர். பெயர், பாட்டில் வடிவம், லேபிள், கழுத்தில் சொட்டுச்சொட்டாக வழியும் சிவப்பு மெழுகு எல்லாம் மனைவி மார்ஜியின் கைவண்ணம். மெழுகை உருக்கி முக்கிப் பார்த்த முதல் சோதனைகள் அவர் வீட்டில் பொரிக்கும் சட்டியிலேயே நடந்தன என்கிறார்கள். அந்த வழிந்த மெழுகை 1985ல் வணிகமுத்திரையாகப் பதிவு செய்தார்கள். பிறகு மெக்சிகோவின் க்வெர்வோ நிறுவனம் தன் உயர்விலை டெக்கிலாவுக்கு அதே மாதிரி வழியும் சிவப்பு மெழுகு போட, 2003ல் வழக்கு. மெழுகு என்பது பாட்டிலை அடைக்கும் பயன்பொருள்தானே, அதை எப்படி ஒருவர் சொந்தம் கொண்டாட முடியும் என்பது எதிர்த்தரப்பின் வாதம். அடைப்பதற்கு மெழுகு வேண்டும்தான், ஆனால் சிவப்பாக, வழிந்தபடி இருக்க வேண்டும் என்ற கட்டாயம் என்ன? 2010ல் கீழ் நீதிமன்றமும் 2012ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் மேக்கர்ஸ் மார்க் பக்கம் நின்றன.

அதே நிறுவனம் அடுத்த ஆண்டே, 2013 பிப்ரவரியில், தட்டுப்பாட்டைச் சமாளிக்க விஸ்கியின் வலுவை 45 சதவீதத்திலிருந்து 42க்குக் குறைக்கப்போவதாக அறிவித்தது. மெழுகில் கை வைக்கவில்லை. ஆனாலும் எழுந்த கூச்சலில் ஒரு வாரம் சொச்சத்திலேயே அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள்.

இப்போது இந்தத் தொழிலைப் பிடித்து ஆட்டுகிற கேள்வி எடை. 700 மில்லிலிட்டர் விஸ்கி ஏறத்தாழ 665 கிராம். உயர்விலை பாட்டில்கள் சிலவற்றில் கண்ணாடி அதைவிடக் கனமாக இருக்கும். அடிப்பாகத்தில் இரண்டு விரல் தடிமனுக்குக் கண்ணாடியை நிறுத்துவது எதையும் தாங்குவதற்காக அல்ல. கையில் எடுக்கும்போது 'கொடுத்த காசுக்குக் கனம் இருக்கிறது' என்று மணிக்கட்டு நம்ப வேண்டும், அதற்காக. நகைக்கடையில் கனம் பார்த்து வாங்கிப் பழகிய நமக்கு இது புரியாத மனநிலை அல்ல. ஆனால் அந்தக் கண்ணாடியை உருக்க எரிபொருள், ஏற்றிச்செல்ல எரிபொருள். கரிம உமிழ்வுக் கணக்கு காட்டவேண்டிய காலத்தில் மணிக்கட்டின் நம்பிக்கை விலை கூடிய ஆடம்பரமாகிவிட்டது.

காகிதத்துக்கு மாறலாம் என்றார்கள். ஜானி வாக்கர் காகித பாட்டில் வருகிறது என்ற அறிவிப்பு 2020ல் வந்தது. சொன்ன நேரத்தில் பாட்டில் வரவில்லை. 40 சதவீத ஆல்கஹால் உள்ள திரவத்தைக் காகிதக் கூழுக்குள் வைக்க உட்பூச்சு வேண்டும், அது ஆவியையும் மணத்தையும் விடக்கூடாது, ஆண்டுக்கணக்கில் தாங்கவும் வேண்டும். ஸ்வீடனின் அப்சலூட் வோட்கா 2023ல் மான்செஸ்டர் வட்டாரக் கடைகளில் அரை லிட்டர் காகித பாட்டிலை விற்றுப் பார்த்தது. ஜானி வாக்கர் 2024ல் எடின்பரோவில் தன் சொந்த மதுக்கூடத்தில் 250 காகித பாட்டில்களை வைத்துப் பார்த்தது. பரிமாறுபவர்கள் கையில் மட்டும் புழங்க, பிளாக் லேபிளோடு. உலகம் முழுக்கப் பெட்டி பெட்டியாகப் போகிற சரக்குக்கு 250 என்பது தொட்டுப் பார்க்கிற எண்ணிக்கைதான்.

2025ல் வேறு வழியில் முயன்றார்கள். கண்ணாடியாகவே இருக்கட்டும், மெல்லியதாக இருக்கட்டும் என்று ப்ளூ லேபிளுக்கு 180 கிராம் எடையில் ஒரு பாட்டில் செய்தார்கள். ஸ்காட்ச் விஸ்கிக்குச் செய்யப்பட்ட 700 மில்லிலிட்டர் கண்ணாடி பாட்டில்களில் இதுதான் மிக இலேசானது என்கிறார்கள். விலை உச்சத்தில் இருக்கும் சரக்கை எடை குறைந்த பாட்டிலில் கொடுப்பது துணிச்சல்தான். ஆனால் அதன் வடிவத்தைப் பார்த்தபோது எனக்கு மரப்பெட்டியில் மோதிக்கொண்ட கப்பல் பாட்டில்கள் நினைவுக்கு வந்தன. சதுரத்தின் மூலைகளில் அழுத்தம் குவியும், தட்டையான பக்கங்கள் உருண்டைப் பக்கம் அளவுக்குத் தாங்காது. அதனால் சதுரத்துக்குத் தடித்த கண்ணாடி தேவை. இந்த 180 கிராமில் சதுரம் இல்லை, பாட்டில் கண்ணீர்த்துளி போல உருண்டு நிற்கிறது.